‘சுவிஸ் இயந்திரம்’ என்று விற்கப்படும் பைலட் கைக்கடிகாரம்: வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையினர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் மறுவடிவம் என்றும், உள்ளே இருப்பது சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824-2 இயந்திரம் என்றும் சொல்லி, இணையத்தில் ஒரு விற்பனையாளர் எனக்கு விற்ற கடிகாரத்தில் அந்த இயந்திரம் இல்லை.

வெளித்தோற்றத்தில் குறை சொல்வதற்கில்லை. 1941 முதல் வந்த ‘பி’ வகை முகப்பைப் போலவே வெளி வட்டத்தில் நிமிடங்களும் உள் வட்டத்தில் மணிகளும் உள்ளன. கையுறை அணிந்தபடியே திருகுவதற்கான பெரிய சாவிக் குமிழும் உண்டு. அசல் கடிகாரம் 55 மி.மீ. அகலமுடையது, சட்டைக் கைக்கு மேல் கட்டப்பட்டது என்பதால், அளவைச் சுருக்கியதையும் நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் அசலில் உறையின் இடப்பக்க விளிம்பில் பொறிக்கப்பட்ட எஃப்எல் 23883 என்ற விமானப்படை உபகரணக் குறியீட்டை இந்தக் கடிகாரத்தின் பின்மூடியில் விளம்பரப் பலகையளவுக்குப் பொறித்திருந்தது முதல் உறுத்தல்.

நேரம் வைப்பதற்காகக் குமிழை இழுத்தபோது விநாடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. விமானத்தின் இருப்பிடத்தைக் கணிப்பவர் தம் கடிகாரத்தை விநாடி பிசகாமல் சரிசெய்ய வேண்டியிருந்ததால், குமிழை இழுத்ததும் முள் நிற்பது அந்தக் கால அசலுக்கே கட்டாயமான வசதி. ஈடிஏ 2824-2 இயந்திரத்திலும் அது உண்டு. கையை அசைத்தால் ரோட்டர் (கையசைவில் சுழன்று சுருள்வில்லை முறுக்கும் எடைத்தகடு) ஒரு திசையில் தடையின்றிக் கரகரவென்று சுழன்றதும் சந்தேகத்தை வலுப்படுத்தியது; ஈடிஏவில் அது இரு திசையிலும் வில்லை முறுக்கும். பழுதுபார்ப்பவர் மூடியைத் திறந்து காட்டியது ஜப்பானின் மியோட்டா 8215, அதுவும் முள்ளை நிறுத்தும் வசதி இல்லாத பழைய வகை. ஈடிஏ மணிக்கு 28,800 முறை துடிப்பது. இந்த மியோட்டாவோ 21,600 முறை. மியோட்டா நெடுநாள் உழைக்கும் நல்ல இயந்திரம்தான், ஆனால் விலை வெகு குறைவு. நான் கொடுத்ததோ சுவிஸ் இயந்திரத்துக்கான விலை.

மூடியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று விற்பனையாளர் மறுத்துவிட்டார். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதைச் சுட்டிக்காட்டிய பிறகு பதிலே வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். விளம்பரம் இன்னும் அதே வாசகத்துடன் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் பணம் செலுத்துமுன், குமிழை இழுத்து முள் நிற்பதைக் காட்டும் காணொளியையும், பின்மூடி திறந்த நிலையில் இயந்திரத்தின் படத்தையும் விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.