காண்டோரா, ட்ரோஃப்கேயா?

கணித வரலாற்றை ஜெர்மன் மொழியிலேயே படிக்க முனைவோர் மோரிட்ஸ் காண்டோரிடம் (கணக் கோட்பாட்டின் கேயார்க் காண்டோர் வேறு) தொடங்குவதா, யோஹன்னஸ் ட்ரோஃப்கேயிடம் தொடங்குவதா என்று தயங்குவதுண்டு.

அமைப்பு: ஹைடெல்பெர்கில் கற்பித்த காண்டோர் (1829–1920) 1880 முதல் வெளியிட்ட கணித வரலாற்றின் நான்கு தொகுதிகள் 1799 வரை கால வரிசையில் செல்கின்றன, ட்ரோஃப்கே தம் வரலாற்றைப் பொருள்வாரியாகப் பிரிக்கிறார்.

தேடும் எளிமை: கூட்டல் குறி 1489-இல் லைப்சிக்கில் அச்சான விட்மனின் கணக்கு நூலில் இடம்பெற்ற கதைக்குக் காண்டோரில் அந்த நூற்றாண்டைத் துழாவ வேண்டும், ட்ரோஃப்கேயில் குறியீடுகளைப் பற்றிய பகுதியைத் திறந்தால் போதும்.

நம்பகம்: காண்டோரின் பிழைகளை சுவீடனின் கணித வரலாற்றாளர் எனெஸ்ட்ரோம் ஆண்டுக்கணக்கில், சற்று இரக்கமின்றியே, பட்டியலிட்டதால், அத்திருத்தங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது.

ஒரு காலத்தின் கணிதத்தை முழுதாகக் காண விரும்புவோருக்குக் காண்டோர். வகுப்பில் ஒரு குறியின் பிறப்பைச் சொல்ல வேண்டிய ஆசிரியருக்கு ட்ரோஃப்கே.