ஞாயிறு ரத்ததான முகாமா, சனிக்கிழமை நோயாளி வீடா?

வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. தொண்டு வேலையையும் விட்டுவிட மனமில்லை. என் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்.

ரத்ததான முகாம் வேலை ஞாயிறு மதியத்தோடு முடிந்துவிடும். படிவம் நிரப்ப உதவுவது, ரத்தம் கொடுத்தவரைக் கால்மணி நேரம் உட்காரவைத்து பிஸ்கட்டும் ஜூஸும் கொடுப்பது. தேதி முன்பே தெரியும். முந்தின நாளே மிளகாய் வறுத்து வைத்துவிடலாம். தீபாவளி ஆர்டர் குவிந்தால் ஒரு முகாமை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) 5 நாள் வரைதான் தாங்கும், அதனால் முகாம் தேவைப்படாத மாதமே இல்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அப்படியல்ல. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அந்த வீட்டு மருமகளுக்குச் செய்து காட்டிவிட்டு, அடுத்த வாரம் போகாமல் இருக்க முடியாது. நான் பார்க்கும் ஒரு பாட்டி, சனிக்கிழமை காலையிலேயே தலைவாரிவிடச் சொல்லிக் காத்திருப்பார். என் கையில் பொடி வாசம் ஒட்டியிருந்தால், "இன்னைக்கு என்ன கண்ணு வறுத்தே?" என்பார்.

முதல் வருடத் தொழிலுக்கு முகாம்தான் பொருந்தும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.