வகுப்பறையில் புரொஜெக்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

புரொஜெக்டரின் முதல் எதிரி சாக்பீஸ் தூள். கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினால் உள்ளே இருக்கும் விசிறி காற்றோடு தூளையும் இழுக்கும். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், கருவி சூடேறும், பாடத்தின் நடுவில் தானாக அணைந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பல்பு வகையாக இருந்தால் அணைத்த பிறகும் விசிறி ஓரிரு நிமிடம் ஓடி பல்பைக் குளிரவைக்கும். மணி அடித்த அவசரத்தில் மெயின் சுவிட்சைத் தட்டினாலோ அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனாலோ பல்பின் ஆயுள் குறையும். 10 நிமிடம் தாங்கும் சின்ன யூபிஎஸ் போதும். பாடத்தைத் தொடர அல்ல, ஒழுங்காக அணைப்பதற்கு. எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம்.

நெட்டை நம்பி வகுப்புக்குள் போகக் கூடாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் உண்டு. அவற்றின் வீடியோக்களை தீக்‌ஷா செயலியில் முந்தின நாளே இறக்கி வைத்துவிடலாம். பாமினியில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் அடியுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

இத்தனை பாடும் எதற்கு? மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரிணைப்பில் முதல் பல்பு கரண்டைத் 'தின்றுவிடும்', இரண்டாவது மங்கலாகத்தான் எரியும் என்றே பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனைச் சோதனையில் (நெட் இல்லாமலும் ஓடும்) முதலில் அவர்களை ஊகிக்கச் சொல்லி, கை தூக்கவைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பல்பும் ஒரே அளவில் எரியும். அங்கே கிளம்பும் வாக்குவாதத்தை எந்த வீடியோவும் தராது. 12 நிமிட வீடியோவை ஓடவிட்டால் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

கணக்குக்குக் கரும்பலகைதான். ஸ்லைடு மாறியதும் முந்தைய வரி போய்விடும். பலகையில் முதல் வரி கடைசிவரை நிற்கும், பின்தங்கிய பிள்ளை திரும்பிப் பார்த்துக்கொள்ளும். அதனால் திரையைப் பலகையின் நடுவில் தொங்கவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் விழாத பக்கமாகப் பார்த்து ஓரத்தில் மாட்டுங்கள்.