ஓடுகிற மெஷினில் டிஸ்க்கைச் செருகி எடுக்க க்யூஎமு எப்படி?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாய் தெருப் பக்கம் ஒரு சின்ன சரக்கு ஆபீஸின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே பெட்டி, அதில் டெபியன் லினக்ஸ், அதற்குள் க்யூஎமுவும் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போலச் செய்து ஓட்டும் மென்பொருள்) அதை வேகமாக ஓட்டும் லினக்ஸின் கேவிஎம்மும் வைத்து மூன்று விர்ச்சுவல் மெஷின். கணக்கு மெஷினைப் பகலில் நிறுத்தவே முடியாது, இன்வாய்ஸ் போடுகிற பெண் "அண்ணே, திரை நின்னுபோச்சு" என்று உடனே போன் போட்டுவிடுவார். ஆனால் மாசக் கடைசியில் பேக்கப் டிஸ்க்கை அந்த மெஷினில் செருகி, முடிந்ததும் கழற்றி, கையில் எடுத்துப் போக வேண்டும். அதனால் க்யூஎமுவில் நான் முதலில் பார்ப்பது ஹாட்பிளக்கை, அதாவது மெஷின் ஓடும்போதே சாதனத்தைச் செருகிக் கழற்றுவதைத்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 4. 2003-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் ஆரம்பித்த மென்பொருள், ஒரு வெள்ளி செலவில்லை, ஓடுகிற மெஷினில் டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் போட்டு எடுக்கலாம். ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதற்குத்தான் இத்தனை எழுதுகிறேன்.

க்யூஎமு போலச் செய்கிற மதர்போர்டு மாடல்களில் பழைய ஐ440எஃப்எக்ஸ் 1996-இல் வந்த இன்டெல் சிப்செட்டைப் போலச் செய்தது, அதில் பிரதான பஸ்ஸிலேயே (சாதனங்கள் இணையும் பொதுப் பாதை) நேராகச் செருகலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள புதிய மாடலான க்யூ35-க்கு மாறினால் கதை வேறு. மாறிய அன்றைக்கு டிஸ்க்கைச் செருகப் போனால், பிசிஐஈ.0 என்கிற பஸ் ஹாட்பிளக்கை ஏற்காது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ரூட் போர்ட்டிலும் (சாதனம் செருகும் துளை) ஒரு சாதனம்தான் உட்காரும், அந்தப் போர்ட்டை மெஷின் கிளம்பும்போதே வைத்திருக்க வேண்டும், ஓடும்போது புதிதாகச் சேர்க்க முடியாது. விருந்தாளி வந்த பிறகு நாற்காலி செய்ய முடியாதே, அந்த மாதிரி. அன்று ராத்திரி ஆபீஸ் மூடியபின் நான்கு காலி ரூட் போர்ட், ஒவ்வொன்றுக்கும் அதை அடையாளம் காட்ட வேறு வேறு சேசிஸ் எண், சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இந்த விஷயத்தை க்யூஎமுக்காரர்கள் இன்னும் முன்னால், கண்ணில் படுகிற இடத்தில் சொல்லியிருக்கலாம்.

செருகுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆள் ஏமாறுவார். சாதனத்தைக் கழற்றச் சொல்லும் டிவைஸ் டெல் கமாண்ட் கொடுத்தால் அந்த நொடியே பதில் வந்துவிடும், ஆனால் அதற்கு வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கிற ஓஎஸ்ஸிடம் "இதை விடு" என்று கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். டிவைஸ் டெலீட்டட் என்ற ஈவென்ட் (க்யூஎமு அனுப்பும் அறிவிப்பு) வந்தால்தான் உண்மையாகவே கழன்றது. நான் முதல் தடவை அதற்குக் காத்திருக்காமல் டிஸ்க்கின் பின்பக்க இணைப்பை (வெளியே பெட்டிப் பக்கம் இருப்பதை) நீக்கப் போய், இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழையை வாங்கினேன். நேட்டிவ், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த முறையில், நிஜ சர்வரில் கழற்றும் பொத்தானை அமுக்கியதுபோல் 5 விநாடி காத்திருப்பு வேறு உண்டு, அதற்குள் இன்னொரு தடவை அமுக்கினால் ரத்து என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் தரநிலையின் விதி. பொறுமை இல்லாதவர்கள் சிக்குவது இங்கேதான். மெஷின் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருந்தால் கேட்கிற ஆளே உள்ளே இல்லை, கோரிக்கை அப்படியே தொங்கும், ரீசெட் செய்தால் அதுவாகவே முடிந்துவிடும்.

அப்புறம் ஒன்று, இது முக்கியம். உள்ளே லினக்ஸ் இருந்தால், டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதே என்று அது உங்களைத் தடுக்காது, கழற்றச் சொன்னால் கழற்றிவிடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போச்சு. அதனால் முதலில் உள்ளே போய் அன்மவுண்ட், பிறகுதான் டிவைஸ் டெல், பிறகு ஈவென்ட் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

க்யூஎமு 6.1 பதிப்பிலிருந்து க்யூ35-இல் அந்த நேட்டிவ் முறைக்குப் பதில் ஏசிபிஐ (மதர்போர்டும் ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரநிலை) வழி ஹாட்பிளக்தான் இயல்பு, அது நல்ல மாற்றம். ஆனால் அதனால் உள்ளே நெட்வொர்க் கார்டின் பெயர் மாறலாம், பழைய பெயரில் எழுதிவைத்த ஐபி அமைப்பு வேலை செய்யாது. அப்கிரேட் செய்கிறவர்கள் மெஷின் வகையைப் பிசி-க்யூ35-6.0 என்று பதிப்பு எண்ணோடு எழுதிவைத்தால் பழைய நடத்தை அப்படியே இருக்கும்.

யூஎஸ்பி பக்கம் குறையே இல்லை. உள்ளே இருக்கிற ஓஎஸ்ஸின் சம்மதம் தேவையில்லை, உடனே வரும், உடனே போகும். கணக்கு மென்பொருளின் டாங்கிளை (லைசென்ஸ் இருக்கும் யூஎஸ்பி சாவி) வெளிப்பெட்டி அதற்குக் கொடுத்த ஹோஸ்ட் அட்ரஸ் எண்ணால் கொடுத்திருந்தேன், யாரோ துடைக்கும்போது பிடுங்கி மறுபடி செருகியதும் எண் மாறிப்போய் லைசென்ஸ் காணவில்லை என்றது. மாறாத வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி (தயாரிப்பாளர் எண், பொருள் எண்) கொடுத்தபின் பிடுங்கிச் செருகினாலும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. மெமரி சேர்க்க ஸ்லாட்டும் மேக்ஸ்மெம்மும் (மெமரியின் உச்ச வரம்பு) முதலிலேயே வேண்டும், எடுப்பது சிரமம், நான் எடுப்பதில்லை.

போன மாசக் கடைசியில் மத்தியானம் மூன்று மணிக்கு டிஸ்க்கைக் கழற்றினேன். ஈவென்ட் வந்தது, டிஸ்க்கைப் பையில் போட்டேன், அந்தப் பெண் இன்வாய்ஸ் போட்டுக்கொண்டே இருந்தார்.