கறுப்புக் கம்பளி நூலை வெளுத்த மூன்று வருஷம்

கர்நாடகத்தின் சள்ளகெரேயில் வாங்கிய தக்காணி ஆட்டுக் கறுப்பு நூலில்தான் தொடங்கியது. மஞ்சிட்டிச் சிவப்பு போட்டாலும் கறுப்பு, அவுரி நீலம் போட்டாலும் கறுப்பு. வெறும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காப்பித்தூள் நிறம் வந்தது, நூல் வைக்கோலாய் முறுகிப்போனது. அப்புறம்தான் அன்னபேதிக்கு (இரும்பு சல்பேட்) மாறினேன்.

கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. அன்னபேதியின் இரும்பு, கம்பளியைவிட மெலனினை இறுக்கிப் பிடிக்கும். பிறகு பெராக்சைடு விட்டால் இரும்பு இருக்கும் இடத்தில்தான் அது வேகம் காட்டும்.

ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர், 160 கிராம் அன்னபேதி. தண்ணீர் பழுப்பேறாமல் இருக்கக் கொஞ்சம் சோடியம் பைசல்பைட். 80 டிகிரியில் ஒரு மணி நேரம். நெடி மூக்கைத் துளைக்கும், வாசலில் வைத்துச் செய்வதே நல்லது. எவர்சில்வர் பாத்திரம் போதும். சமையலுக்கு அதைத் திரும்ப எடுக்கக் கூடாது.

அடுத்து அலசல். முதல் தடவை குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை முக்கியெடுத்துவிட்டு நேராகப் பெராக்சைடில் போட்டேன். பத்து நிமிஷத்தில் நுரைத்துப் பொங்கியது. தூக்கினால் வெந்த சேமியா மாதிரி வழுக்கி அறுந்து வந்தது. அரைக் கிலோ நூல் சாக்கடையில். மெலனினோடு ஒட்டாத இரும்பு இழை முழுக்கத் தங்கியிருந்ததுதான் காரணம். இப்போது 80 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் அலசுகிறேன், நடுவில் தண்ணீரை மாற்றி. கடைசி அலசல் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துத் தேயிலை டிகாஷனை விட்டுப் பார்ப்பேன். கறுத்தால் இரும்பு இன்னும் போகவில்லை, மறுபடி அலசல்.

அலசி முடித்ததும் வெளுப்பு: பெராக்சைடு (50 சதவீதம்) 400 மில்லி, அது சீக்கிரம் சிதையாமல் இருக்க பைரோபாஸ்பேட் உப்பு கொஞ்சம், பிஎச் 8.5, 65 டிகிரி, ஒரு மணி நேரம். கையுறை கட்டாயம். கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் அலசலைத் தவிர்த்தால் காய்ந்ததும் துருச்சாயல் தெரியும்.

வெள்ளை வராது. பால் தூக்கலாக விட்ட டீ நிறம்தான் வரும். எனக்கு அது போதும். அதன்மேல் மஞ்சிட்டி போட்டால் செங்கல் நிறம் பளிச்சென்று நிற்கிறது. வெள்ளையேதான் வேண்டும் என்பவர்கள் வெள்ளை ஆட்டு நூலை வாங்கிவிடலாம்.

முதல் வருஷம் நெய்த சால்வை மடிப்புகளில் தேய்ந்து இழை தெரிகிறது. வெளுத்த நூல் எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கொஞ்சம் பலம் குறைந்ததுதான். தறியில் பாவு (நீள இழை) அடிக்கடி அறுந்ததால் இப்போது பாவுக்கு வெளுக்காத கறுப்பு நூல், ஊடைக்கு (குறுக்கு இழை) மட்டும் வெளுத்தது.