வரியைக் குறைக்க மூணு ரூட்டு: கான்சஸ், அயோவா, நார்த் கரோலினா

அமெரிக்காவுல கவர்னருக்கு நிக்கிறவங்கள்ல நிறைய பேரு சொல்ற டயலாக்கு ஒண்ணு இருக்கு, கவர்ன்மென்ட்ல நடக்கிற வீண் செலவை நிறுத்திட்டு அதுல மிச்சமாகிற காசுல உங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸை குறைக்கிறேன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. நிஜமாவே மூணு ஸ்டேட்டு மூணு ரூட்ல போய் பாத்திருக்கு, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா சிக்கனம் எவ்ளோ, வரிக்குறைப்பு எவ்ளோங்கிறது ஓரளவு பிடிபடும்.

முதல்ல கான்சஸ், ஏன்னா இதுலதான் கதையே இருக்கு. 2012ல கவர்னர் சாம் பிரவுன்பேக் கையெழுத்து போட்டாரு, டாப் ரேட், அதாவது உச்சபட்ச இன்கம் டாக்ஸ், 6.45லேர்ந்து 4.9 சதவீதமாச்சு, அதோட நிக்காம எல்எல்சி மாதிரி சின்ன கம்பெனி மூலமா வர்ற பிசினஸ் வருமானத்துக்கு ஸ்டேட் வரியே கிடையாதுன்னுட்டாங்க. அதாவது ஆபீஸ்ல மாசச் சம்பளம் வாங்கறவன் வரி கட்டணும், அந்த ஆபீஸோட ஓனர் லாபத்துக்கு கட்ட வேணாம்! அப்புறம் என்ன, மூணு லட்சத்துக்கும் மேல கம்பெனிங்க அந்த சலுகையில உக்காந்துடுச்சு, முதல்ல கணக்கு போட்டதவிட ரொம்ப அதிகம். ஒரே வருஷத்துல ஸ்டேட்டோட வருமானம் சுமார் 70 கோடி டாலர் விழுந்துச்சு, ரோடு போட வச்சிருந்த ஃபண்ட்ல கை வச்சாங்க, கடன் வாங்கறவங்க எவ்ளோ நம்பகமானவங்கன்னு மார்க் போடற மூடீஸும் எஸ்&பியும் 2014ல கான்சஸோட ரேட்டிங்கை இறக்குனாங்க, 2015ல சேல்ஸ் டாக்ஸை 6.15லேர்ந்து 6.5க்கு ஏத்துனாங்க, கான்சஸ்ல மளிகை சாமானுக்கும் அப்போ அதே சேல்ஸ் டாக்ஸ்தான், ஆக ஒரு பக்கம் விட்டத இன்னொரு பக்கம் அரிசி பருப்பு வாங்கறவன்கிட்ட வசூல் பண்ணாங்க.

சரி, சிக்கனம் எங்கன்னு கேக்குறீங்களா? அது 2016ல வந்துச்சு. வரியைக் குறைச்சு மூணு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம், 26 லட்சம் டாலர் குடுத்து அல்வாரெஸ் அண்ட் மார்சல்னு ஒரு கன்சல்டிங் கம்பெனிகிட்ட எங்க மிச்சம் பிடிக்கலாம்னு கேட்டாங்க. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் மாப்பிள்ளை தேடின கதை. அவங்க 105 யோசனை எழுதிக் குடுத்தாங்க, அஞ்சு வருஷத்துல 200 கோடி டாலர் மிச்சமாகும்னாங்க, அதுல ஒண்ணு என்ன தெரியுமா, வரி வசூல் டிபார்ட்மென்ட்ல காலியா கிடக்கிற ஆடிட்டர் இடங்களை நிரப்புங்கன்னு, அதாவது ஆள் எடுங்க! திறமையா நடத்தறதுன்னா எப்பவும் ஆள் குறைப்புதான்னு நினைக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும். 2017 ஜூன்ல பிரவுன்பேக்கோட கட்சியே மெஜாரிட்டியா இருந்த சட்டசபை, முடியாதுன்னு அவர் போட்ட வீட்டோவை மீறி அந்த வரிக்குறைப்பைத் திரும்ப எடுத்துடுச்சு.

அயோவா ரூட்டு இதைவிட பரவால்ல. கவர்னர் கிம் ரெனால்ட்ஸ் 2023ல 37 டிபார்ட்மென்ட்டை 16 ஆக்குனாங்க, மசோதாவே 1,500 பக்கத்துக்கு மேல. ஒரே வேலைய நாலு இடத்துல பண்றத ஒண்ணாக்குனது நல்ல காரியம்தான், அதுல எனக்கு குறை இல்ல. 2018ல 8.98 சதவீதமா இருந்த டாப் ரேட்டு 2025ல எல்லாருக்கும் 3.8னு ஃப்ளாட் ஆயிடுச்சு. ஆனா ரெண்டையும் முடிச்சு போட்டு பேசுறப்பதான் உதைக்குது. கவர்னர் ஆபீஸ் சொன்ன கணக்குப்படியே மிச்சம் நாலு வருஷத்துக்கு சுமார் 20 கோடி டாலர், வருஷத்துக்கு 5 கோடி. அப்போ ஸ்டேட் பட்ஜெட் 850 கோடி, அதாவது ஒரு சதவீதம்கூட வரல. வரிக்குறைப்புல போறதோ வருஷத்துக்கு 100 கோடிக்கும் மேல. நடுவுல இருக்கிற பள்ளத்த ரொப்புறது ஏற்கெனவே சேத்து வச்ச ரிசர்வ், நல்லவேளை அயோவாகிட்ட அது பெருசா இருந்துச்சு, கான்சஸ்கிட்ட இல்ல. மிச்சம் ஏன் இவ்ளோ கம்மின்னா ஸ்டேட் காசு பெரும்பாலும் போறது ஸ்கூலுக்கும் மெடிக்கெய்டுக்கும் (ஏழைங்களுக்கான மருத்துவக் காப்பீடு) காலேஜுக்கும் ஜெயிலுக்கும், டைரக்டர் நாற்காலிய குறைச்சா அதுல என்ன பெருசா ஆகிடும்?

நார்த் கரோலினா (காரி, மோரிஸ்வில் பக்கம் இருக்கிற நம்மாளுங்களுக்கு இது சொந்தக் கதை) சிக்கனத்தை நம்பி இறங்கல. 2013ல 7.75 வரைக்கும் போன மூணு இன்கம் டாக்ஸ் ஸ்லாபை எடுத்துட்டு 2014லேர்ந்து 5.8னு ஒரே ரேட்டு, பதிலுக்கு விலக்குகளை வெட்டி சேல்ஸ் டாக்ஸை விரிச்சாங்க, 2016லேர்ந்து கார் ரிப்பேர் கூலிக்கும் வரி. கம்மி சம்பளக்காரங்களுக்கு இருந்த இன்கம் கிரெடிட்ங்கிற வரிச் சலுகையையும் நிறுத்திட்டாங்க, அது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன், ஏழை தலையில கட்டினது. ஆனா கம்பெனி வரி விஷயத்துல ஒரு புத்திசாலித்தனம் இருந்துச்சு: வசூல் 2,020 கோடி டாலரைத் தாண்டினாத்தான் 5லேர்ந்து 4 சதவீதம், அதுக்கும் மேல போனாத்தான் 3. காசு முதல்ல கைக்கு வரணும், வரி அப்புறம்தான் குறையும், இந்த மாதிரி நிபந்தனைக்குத்தான் ட்ரிகர்னு பேரு. அந்த ட்ரிகர் ரெண்டும் அடிச்சது, வரியும் குறைஞ்சது, கான்சஸ் மாதிரி பட்ஜெட் குழில விழல.

மூணுல எதுன்னு கேட்டா என் ஓட்டு அந்த ட்ரிகருக்குத்தான், அயோவா மாதிரி டிபார்ட்மென்ட்டை ஒழுங்குபடுத்துறதையும் சேத்துக்கலாம், ஆனா அதுல மிச்சமாகறத வச்சு வரியைக் குறைக்கிறேன்னு மட்டும் சொல்லக் கூடாது. ட்ரிகர்லயும் ஏமாத்தலாம், தொகையை கம்மியா வச்சா விலைவாசி ஏர்ற ஏத்தத்துலயே தானா அடிச்சிடும். நார்த் கரோலினாவுல 2026க்கு தனிநபர் ரேட்டு 3.99, இன்னும் கீழ போறதுக்கான ட்ரிகர் தொகையை ஏத்தணும்னு சட்டசபையோட கீழவையான ஹவுஸ் சொல்ல, மேலவையான செனட் முடியாதுன்னு சொல்ல, ரெண்டு சபையும் ஒரே கட்சி கையில இருந்தும் அந்த சண்டையில 2025ல முழு பட்ஜெட்டே பாஸாகல. இதுல ஹவுஸ் பக்கம்தான் நியாயம்.