100 கஜமா, 200 கஜமா? மான் சீசனுக்கு முன் ரைஃபிளை எங்கே ஜீரோ செய்வது

அக்டோபர் பிறந்துவிட்டால் மத்திய பென்சில்வேனியாவின் சுடுதளங்களில் மேசை கிடைப்பது கஷ்டம். பத்து மாதம் அலமாரியில் தூங்கிய ரைஃபிள்கள் எல்லாம் அந்த மாதம்தான் கண்விழிக்கும். ரைஃபிள் மான் சீசன், நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. 2019க்கு முன் அது திங்கட்கிழமை. பழைய ஆட்கள் இன்னும் அந்தத் திங்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். எந்தக் கிழமையானால் என்ன, அதற்குள் ஸ்கோப்பின், அதாவது ரைஃபிள் மேலிருக்கும் தொலைநோக்கியின், குறுக்குக்கோடு நிற்கும் இடத்தில்தான் தோட்டாவும் போய் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். இதற்குப் பெயர்தான் ஜீரோ செய்வது.

எந்தத் தூரத்துக்கு ஜீரோ என்பதில்தான் சண்டை. போன அக்டோபரில் எங்கள் வரிசையில் மூன்று மேசை, மூன்று கட்சி. நான் 100 கஜக் கட்சி. பக்கத்தில் அண்ணன். உடன்பிறந்தவர் இல்லை, மதுரைப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் 200 கஜக் கட்சி. அதற்கு அடுத்த மேசையில் ரெமிங்டன் 7600 பம்ப் ரைஃபிளோடு ஓர் உள்ளூர்த் தாத்தா. அவர் கட்சிக்குத் தூரமே கிடையாது. "நூறு கஜத்தில் மூணு அங்குலம் மேலே விழட்டும், அப்புறம் மறந்துடு" என்பதுதான் அவர் கொள்கை.

பம்ப் ரைஃபிளா என்று வியப்பவர்களுக்கு: பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் ரைஃபிள் கூடாது. அடுத்த தோட்டாவைச் சீக்கிரம் ஏற்ற நினைத்தவர்கள், முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் பக்கம் போனார்கள். இந்த மாநிலத்துக் காடுகளில் 7600 இவ்வளவு தென்படுவதற்கு அது ஒரு காரணம்.

விஷயத்துக்கு வருவோம். எட்டத்துக் கிளையில் தொங்கும் மாங்காய்க்குக் கல் எறிகிற பையன் மாங்காயைப் பார்த்து நேராக எறியமாட்டான், சற்று மேலே எறிவான். ரைஃபிளும் அப்படித்தான். குழலை விட்ட நொடியிலிருந்து தோட்டா கீழே விழத் தொடங்கிவிடுகிறது. ஸ்கோப்போ குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் குழலை ஒரு துளி மேல்நோக்கி வைத்துத்தான் ஸ்கோப்பைப் பொருத்துகிறோம். தோட்டா கீழிருந்து ஏறிப் பார்வைக் கோட்டை ஒருமுறை தாண்டி, கொஞ்ச தூரம் அதற்கு மேலே பறந்து, இறங்கும்போது மறுபடி தாண்டும். இரண்டாவது முறை எங்கே தாண்ட வேண்டும் என்பதைத்தான் ஜீரோ தூரம் என்கிறோம். 100 கஜ ஜீரோவில் ஏற்றம் பெயருக்குத்தான். தோட்டா கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும்.

அண்ணனும் நானும் வைத்திருப்பது .30-06 என்ற அளவுத் தோட்டா போடும் ரைஃபிள், இருவருக்கும் 180 கிரெய்ன் எடைத் தோட்டா, குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 2,700 அடி. மூன்று முறையிலும் அது எங்கே விழும் என்பது கீழே. எல்லாம் அங்குலத்தில், அரை அங்குலம் முன்பின் இருக்கும். உங்கள் பெட்டித் தோட்டாவுக்குக் கொஞ்சம் மாறவும் மாறும்.

| தூரம் (கஜம்) | 100ல் ஜீரோ | 200ல் ஜீரோ | 100ல் 3 அங்குலம் மேல் |
|---|---|---|---|
| 50 | சரியாக | மேலே 1 | மேலே 1.5 |
| 100 | சரியாக | மேலே 2 | மேலே 3 |
| 150 | கீழே 1.5 | மேலே 2 | மேலே 3 |
| 200 | கீழே 4 | சரியாக | மேலே 1.5 |
| 250 | கீழே 9 | கீழே 3.5 | கீழே 1.5 |
| 300 | கீழே 15 | கீழே 8.5 | கீழே 6 |

அட்டவணையை மட்டும் பார்த்தால் தாத்தா ஜெயித்துவிட்டார். வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை எட்டு அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து மேலே நான்கு, கீழே நான்கு. அவர் முறையில் 250 கஜம் தாண்டியும் தோட்டா வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தூரம் கணிக்க வேண்டாம், மேலே பிடிக்க வேண்டாம், நெஞ்சின் நடுவைப் பார்த்து விசையை அழுத்தினால் போதும். தூரம் அளக்கும் லேசர் கருவி சட்டைப்பைக்கு வராத காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அட்டவணையில் இருக்கும் ரைஃபிள் ஒவ்வொரு முறையும் ஒரே துளையில் சுடுகிறது. நாம் அப்படியா சுடுகிறோம்? மேசையில் மணல் மூட்டை மேல் வைத்து நிதானமாகச் சுட்டால் என் ரைஃபிள் 100 கஜத்தில் மூன்று தோட்டாவை ஒன்றரை அங்குலத்துக்குள் போடும். அதே நான், பனியில் முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சுட்டால் நான்கு அங்குலம். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் இரண்டு அங்குலம் விலகும் என்று பொருள். அந்த விலகல் மேல் பக்கமாக அமைந்துவிட்டால் தாத்தா முறையில் மூன்றும் இரண்டும் ஐந்து, வட்டத்துக்கு வெளியே. அண்ணன் முறையில் இரண்டும் இரண்டும் நான்கு, வட்டத்தின் விளிம்பு. என் முறையில் வெறும் இரண்டு. அதிலும் தாத்தாவின் தோட்டா உச்சத்தில் பறப்பது 100க்கும் 150க்கும் நடுவில். இங்கே மான் வந்து நிற்பது அங்கே, இல்லை அதற்கும் கிட்டத்தில்தான். 270 கஜத்தில் வரப்போகிற மானுக்காக 120 கஜத்தில் நிற்கும் மானைப் பணயம் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "அதான் நான் நெஞ்சோட கீழ் மூணில் ஒரு பங்கில் குறி பிடிக்கிறேனே" என்றார். அப்படியானால் எதற்கு மூன்று அங்குலம் மேலே வைக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. நாற்பது வருஷம் மான் அடித்தவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அண்ணன் கதை வேறு. அவர் வருஷாவருஷம் மேற்கே வயோமிங் மாநிலத்தில், மான் போன்ற பிராங்ஹார்ன் என்ற விலங்கின் வேட்டைக்கான லாட்டரியில் பெயர் போடுகிறவர். அனுமதி விழுந்தால் செப்டம்பர், அக்டோபரில் அங்கே போவார். சேஜ் புதர் தவிர மறைய ஒன்றும் இல்லாத வெட்டவெளி. பிராங்ஹார்னுக்குக் கண்பார்வை கூர்மை, கிட்டே விடாது. "தம்பி, உன் காட்டில் மரம்தான் தூரத்தை முடிவு பண்ணுது. அங்கே மான்தான் முடிவு பண்ணும்" என்பார். அங்கே 100 கஜ ஜீரோவோடு போனால் 250ல் ஒன்பது அங்குலம் கீழே விழும். பிராங்ஹார்ன் உடம்பு வெள்ளைவாலைவிடச் சின்னது. ஒன்பது அங்குலம் என்றால் தோட்டா வயிற்றுக்குக் கீழே மண்ணில்தான். 200 கஜ ஜீரோவில் மூன்றரைதான். அங்கே அவர் சொல்வதுதான் சரி, மறுபேச்சில்லை.

ஆனால் 200 கஜ ஜீரோவை 200 கஜத்தில் சுட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும், அதில்தான் தொல்லை. முதலில், பொதுச் சுடுதளங்கள் பல 100 கஜத்தோடு முடிந்துவிடும். அடுத்தது காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இந்தத் தோட்டாவை 100 கஜத்தில் முக்கால் அங்குலம் தள்ளினால் 200ல் சுமார் மூன்று அங்குலம் தள்ளும். நடுவே தகரக் கொட்டகையைச் சுற்றி அடிக்கும் காற்றை ஸ்கோப்பின் குற்றமென்று நினைத்துத் திருகினீர்களானால் அன்றைய பொழுது போயிற்று. அப்புறம், 9 மடங்கு ஸ்கோப்பில் அந்தத் தூரத்துத் துளை கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தனித் தொலைநோக்கி வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் சுடுவதை நிறுத்தச் சொல்லி சீஸ்ஃபயர் அறிவிக்கும்வரை காத்திருந்து இலக்குவரை நடக்க வேண்டும். 100 கஜத்தில் இந்தத் தலைவலிகள் எல்லாமே நாலில் ஒரு பங்கு. உயரமான இடத்துக்குப் போனாலும் குளிர் கூடினாலும் 100 கஜ ஜீரோ நகர்வது கண்ணுக்கே தெரியாது.

காகிதத்தில் முதல் துளையை விழவைப்பதிலும் போட்டி உண்டு. போல்ட் ரைஃபிள் என்றால், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை உருவிவிட்டுக் குழல் வழியாகவே 25 கஜத்து இலக்கைப் பார்க்கலாம். குழலுக்குள் இலக்கு நடுவில் தெரியும்படி மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவந்துவிட வேண்டியதுதான். காசு செலவில்லை, கருவி வேண்டாம். தாத்தாவின் பம்ப்பில் இது நடக்காது, பின்னாலிருந்து குழலைப் பார்க்க வழியில்லை. லீவர் ரைஃபிள்கள் பலவற்றிலும் அதே கதை. அவர்களுக்கு, குழல் நோக்கும் இடத்தில் புள்ளி காட்டும் லேசர் போர்சைட்டர்தான். ஆனால் லேசர் புள்ளி சரியாக இருக்கிறதென்று நேரே காட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்ல. அது காகிதத்தில் எங்கோ ஓர் இடத்தில் துளை விழ உதவும், அவ்வளவுதான்.

எதுவானாலும் முதல் குண்டு 25 கஜத்தில். எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கஜத்தில் அதிலும் நாலில் ஒரு பங்குதான். அங்கே ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக். மூன்று அங்குலம் வலப்பக்கம் விழுந்திருந்தால் இடப்பக்கம் 48. விரல் வலிக்க எண்ணிக்கொண்டே போனால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. 25 கஜத்தில் நடுவில் விழ வைத்துவிட்டு, "இதுவே 200லயும் சரியா இருக்கும்" என்று மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. கணக்கு கிட்டத்தட்ட சரிதான். ஆனால் 25ல் அரை அங்குலப் பிழை 200ல் நான்கு அங்குலமாக ஊதிவிடும்.

மணல் மூட்டையா, ஸ்லெட்டா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மூட்டைதான். இரும்புச் சட்டத்தில் ரைஃபிளை உட்காரவைத்து எடைகளை ஏற்றினால் தோள் வலிக்காது, உண்மை. ஆனால் பின்னுதையைத் தோளுக்குப் பதில் மரக்கட்டையும் ஸ்கோப்பும் தாங்க வேண்டிவரும். அதோடு, தோளில் வைத்துச் சுடும்போது துளை வேறிடத்தில் விழலாம். தோள் மெலிந்தவர்கள் ஸ்லெட்டில் ஜீரோ செய்துவிட்டுக் கடைசி மூன்று குண்டை மட்டுமாவது தோளில் வைத்துச் சுடலாம்.

இவ்வளவு பேசுகிற நானே முதல் வருஷம் ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கினேன். ஒரு கடையில் ஸ்கோப் பொருத்தி வாங்கி வந்தேன். 100 கஜத்தில் முதல் மூன்று துளை வலது மேலே. திருகினேன். அடுத்த மூன்று இடது கீழே. மறுபடி திருகினேன். வானிலை, தோட்டா, என் கண் என்று எல்லாவற்றையும் சந்தேகித்து இருபதும் தீர்ந்த பிறகு அண்ணன் வந்து ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. வளையத் திருகுகளை யாரோ விரலால் இறுக்கி அனுப்பியிருந்தார்கள். அவற்றுக்கு 15 முதல் 20 அங்குல பவுண்ட் முறுக்கு வேண்டும், அதற்கென்று டார்க் ஸ்க்ரூடிரைவரே இருக்கிறது. இப்போது ரேஞ்சுக்குக் கிளம்புமுன் அதைத்தான் முதலில் பைக்குள் போடுகிறேன். ஒரு குண்டை வைத்துக் கிளிக் திருகுவதையும் அன்றோடு விட்டேன். மூன்று சுட்டு, அவற்றின் நடுவை எடுத்து, பிறகுதான் திருகுவது.

நடுநடுவே குழல் ஆற வேண்டும். வேட்டை ரைஃபிளின் மெல்லிய குழல் நாலைந்து குண்டிலேயே கை வைக்க முடியாதபடி சுடும், துளைகள் நழுவத் தொடங்கும். காட்டில் நாம் சுடும் குண்டு எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்துதான் போகிறது. ஆகவே அன்றைய கடைசி வேலையாக, போல்ட்டைத் திறந்து வைத்து அரைமணி விட்டு, காபி குடித்துவிட்டு வந்து, ஒரே ஒரு குண்டு. நான் நம்புவது அந்தத் துளையைத்தான்.

பென்சில்வேனியா மரங்களுக்குள் நிற்கிறவர்களுக்கு என் ஓட்டு 100 கஜம். அறுவடை முடிந்த சோள வயலின் ஓரத்திலோ, மின்கம்பித் தடத்தைப் பார்த்தோ உட்காருகிறவர்கள் அண்ணன் பேச்சைக் கேட்கலாம். கிட்டத்தில் வரும் மானுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தாத்தா முறை, அந்த ரைஃபிளோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவர்களுக்கு.

அன்று மாலை மூவரும் கிளம்பும்போது அண்ணன் என் ரைஃபிளின் கட்டையில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் "8 மேலே" என்று எழுதினார். 100 கஜ ஜீரோவிலிருந்து எட்டு கிளிக் ஏற்றினால் அவருடைய 200 கஜ ஜீரோ வந்துவிடும். "அடுத்த வருஷம் வயோமிங்குக்கு உன் பேரையும் சேர்த்துப் போடுறேன்" என்றார்.